வாம்பம்: காசு என்று பெயர்க்கலாமா?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதும்போது ‘வாம்பம்’ என்ற சொல் குறுக்கிட்டால், ‘கிளிஞ்சல் காசு’ என்று எழுதத்தான் கை முதலில் போகும். ஆங்கில அகராதிகளே ‘பணம்’ என்றும் பொருள் தருகின்றன. ஆனால் வட அமெரிக்காவின் டெலவேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த லெனாப்பே பழங்குடி மக்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, காசு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வாம்பம் எதனால் ஆனது என்று பார்ப்போம். வட அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்துச் சங்கு ஒன்றின் நடுத்தண்டிலிருந்து வெள்ளை மணி எடுப்பார்கள். குவாஹாக் என்ற மட்டியின் ஓட்டில் ஊதா படர்ந்த பகுதியிலிருந்து ஊதா மணி. ஓட்டை உடைத்து, துளையிட்டு, கல்லில் தேய்த்து உருட்டினால் ஏறத்தாழ நெல்மணி நீளத்துக்கு ஒரு சின்னக் குழல் கிடைக்கும். அவற்றை நாரில் கோத்தால் சரம். வரிசை வரிசையாகப் பின்னினால் அகலமான பட்டை.

சொல் லெனாப்பே மொழிக்கே உரியதன்று. அதற்கு உறவான, அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பேசப்பட்ட அல்கோங்கியன் குடும்பப் பழங்குடி மொழிகளிலிருந்து வந்தது. முழு வடிவம் ஏறத்தாழ ‘வாம்பம்பியாக்’. ‘வாம்ப்’ என்றால் வெள்ளை, நடுவில் இருப்பது சரம், கடைசியில் பன்மை விகுதி. ஆக, ‘வெண்சரங்கள்’. ஆங்கிலேயர் காதுக்கு அது நீளமாக இருந்ததால் நடுவிலேயே வெட்டிவிட்டார்கள். வெட்டுண்ட பின்பாதியும் ‘பீக்’ என்று தனிச்சொல்லாகக் கொஞ்ச காலம் புழங்கியது.

அந்த விகுதியில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நமக்கு உயர்திணை, அஃறிணை போல, அந்த மொழிகளில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டாகப் பிரியும். இந்தச் சரம் ஏற்றிருப்பது உயிருள்ளவற்றின் பன்மை விகுதியை!

லெனாப்பே சபைகளில் பேசுபவர் சரத்தையோ பட்டையையோ கையில் ஏந்தித்தான் முக்கியமான சேதியைச் சொல்வார். சொல்லி முடித்ததும் எதிர்த்தரப்பிடம் கொடுப்பார். வாங்கிக்கொண்டால் சொல்லை ஏற்றதாகப் பொருள். திருப்பிவிட்டால் மறுத்ததாகப் பொருள். சரம் இல்லாமல் சொன்னது வெறும் பேச்சு. வெள்ளை நல்லிணக்கத்துக்கு, போருக்கு அழைப்பதென்றால் பட்டையில் செஞ்சாயம் பூசுவார்கள். பெரியவர்கள் அவ்வப்போது பட்டைகளை வெளியே எடுத்து, எது எந்த உடன்படிக்கைக்கு உரியது என்று இளையவர்களுக்குச் சொல்லிக்காட்டுவார்கள். நம் ஊரில் தாம்பூலம் மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதியாகிவிடுகிறதே, அப்படி. வெற்றிலையை அங்கே யாரும் விலை என்று சொல்வதில்லை.

சரி, அப்புறம் காசானது எப்படி? 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஐரோப்பியர் அமைத்த குடியேற்றங்களில் நாணயத் தட்டுப்பாடு. டச்சுக்காரர்கள் இதை ‘செவான்ட்’ என்று அழைத்து, பீவர் என்ற விலங்கின் தோலை வாங்கப் பயன்படுத்தினார்கள். மாசசூசெட்ஸில் 1637-இல் சிறு தொகைகளுக்குச் சட்டப்படி செல்லும் பணமாக்கி, 1661-இல் விலக்கினார்கள். இரும்புத் துளைக்கருவி வந்ததும் மணிகள் குவிந்தன, மதிப்பும் சரிந்தது. பணம் என்ற பொருள் வந்தேறிகளின் கணக்குப் புத்தகம் ஏற்றிவைத்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வெண்சரம்’ அழகான நேர்ப்பெயர்ப்புதான், ஆனால் ஊதா மணிகள் விடுபட்டுப்போகும். ‘சங்குமணி’ என்றால் மட்டி விடுபடும். ‘சோழி’ முற்றிலும் வேறு உயிரினம். கடற்கரையில் சிப்பி பொறுக்கப் போகிறோம் என்னும்போது சங்கு, மட்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? அதனால் மணிக்குச் ‘சிப்பிமணி’, கோத்ததற்குச் ‘சிப்பிமணிச் சரம்’, பின்னியதற்குச் ‘சிப்பிமணிப் பட்டை’ என்பதே என் தேர்வு. முதல் முறை மட்டும் வாம்பம் என்ற பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: ‘1682-இல் ஷாக்கமாக்ஸனில் லெனாப்பே மக்கள், பென்சில்வேனியாக் குடியேற்றத்தை நிறுவிய வில்லியம் பென்னுக்குக் கொடுத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் சிப்பிமணிப் பட்டையில், தொப்பி அணிந்த ஒருவரும் தொப்பி இல்லாத ஒருவரும் கைகோத்து நிற்கிறார்கள்.’ இதில் பட்டையை எடுத்துவிட்டுக் காசை வைத்துப் படித்துப் பாருங்கள்.