கிடுகு உக்கும், கதியால் தளிர்க்கும்

திருநெல்வேலியில் மாலை வேளைகளில் நான் நடத்தும் இணைய நிரலாக்க வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடுகிறது: “அண்ணா, நாங்கள் படித்து முடிப்பதற்குள் இது பழையதாகிவிடாதா?” கேட்கும் முகத்தில் உண்மையான கவலை இருக்கும். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய மடிக்கணினியோடு வந்திருக்கும் பிள்ளை அது. அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் தட்டிக்கழித்ததில்லை.

பதிலுக்கு, உலகின் முதல் இணையத்தளத்தைக் கைத்தொலைபேசியில் திறக்கச் சொல்வேன். சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய தளம் அது. 2013இல் சேர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. தொடுதிரைக் கைத்தொலைபேசியை யாரும் கண்டிராத காலத்தில் எழுதிய பக்கம், இன்றைய குரோம் உலாவியில் எந்தத் தடங்கலும் இல்லாமல் திறக்கிறது. மாதத்துக்கு ஒரு புதுமை வரும் தொழிலில் முப்பது ஆண்டு பழைய பக்கம் எப்படி உயிரோடு இருக்கிறது?

இதை விளக்க நான் எடுப்பது நம் ஊர் வேலியைத்தான். இப்போது மதில்கள் பெருகிவிட்டாலும் ஊர்ப்பக்கம் போனால் இன்னும் பார்க்கலாம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று நட்ட கதியால்கள் வேர்விட்டுத் தளிர்த்து நிற்கும். ஆட்டுக்குக் குழையும் தரும். அவற்றில் கட்டிய தென்னோலைக் கிடுகு வெயிலிலும் மழையிலும் உக்கிப்போகும். உக்கியதை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறோம். வேலி அடைக்கிறோம் என்று யாரும் கதியாலைப் பிடுங்குவதில்லை.

இணையத்தின் கதியால்கள் மூன்று: பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்.ரி.எம்.எல், தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ், இயக்கத்தைத் தரும் ஜாவாஸ்கிரிப்ட். 2006இல் ஜேகுவெரி, 2010இல் அங்குலர், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ என்று வந்த நிரல் தொகுப்புகள் எல்லாம் அவற்றின் மேல் கட்டிய கிடுகுகள். பிள்ளைகளின் நெஞ்சைப் படபடக்க வைப்பது இந்தக் கிடுகு மாற்றம்தான்.

கதியால் எப்படி நிலைக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலாவி தனக்குத் தெரியாத ஓர் எச்.ரி.எம்.எல் குறிச்சொல்லைக் கண்டால் பக்கத்தைக் காட்ட மறுப்பதில்லை. குறிச்சொல்லை விட்டுவிட்டு உள்ளே உள்ள எழுத்தைக் காட்டுகிறது. சி.எஸ்.எஸ் இன்னும் அழகு. புரியாத வரி வந்தால் அடுத்த அரைப்புள்ளி வரை தாண்டிச் சென்று அதற்கப்பால் வாசிக்கத் தொடங்கும். பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் முறை 2017 மார்ச்சில் குரோம், பயர்பொக்ஸ், சபாரி மூன்றிலும் வந்தது. அப்போது நாங்கள் ஒரே பண்புக்கு இரண்டு வரிகள் எழுதினோம். முதல் வரியில் பெட்டிகளைச் சாதாரணமாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொன்னோம்; இரண்டாவதில் கிரிட்டைச் சொன்னோம். புதிய உலாவி இரண்டையும் வாசிக்கும்; பின்னால் வந்தது வெல்லும். பழைய உலாவிக்கு இரண்டாவது வரி புரியாது, முதல் வரியோடு நின்றுவிடும். பழைய கணினி வைத்திருந்தவருக்கும் செய்தி கிடைத்தது, அழகு மட்டும் சற்றுக் குறைந்தது. அறியாததை அமைதியாகத் தாண்டிப்போ என்ற இந்த ஒரு விதி இல்லையென்றால் புதியதும் பழையதும் ஒரே இணையத்தில் வாழ்ந்திருக்க முடியாது.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. தெரியாத இலக்கணம் ஓரிடத்தில் வந்தாலும் அந்த நிரலை முழுவதுமாகக் கைவிட்டுவிடும். 2015 முதல் ஆண்டுதோறும் அதற்குப் புதிய பதிப்பு வருவதால், புதிய நடையில் எழுதியதைப் பழைய நடைக்கு மாற்றித் தரும் பேபல் போன்ற கருவிகள் தேவைப்பட்டன. அந்த மொழியில் இருப்பதை நீக்குவதோ அதைவிடக் கடினம். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார். வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ என்ற மதிப்பு எந்த வகை என்று கேட்டால், அது ‘ஒப்ஜெக்ட்’ என்று ஜாவாஸ்கிரிப்ட் அன்றே தவறாகப் பதில் சொன்னது. இன்றும் அதையே சொல்கிறது. திருத்தலாம் என்று பின்னர் ஒரு முன்மொழிவு வந்தது. அந்தத் தவறான பதிலை நம்பி எழுதிய பக்கங்கள் உடைந்துவிடும் என்பதால் கைவிட்டார்கள்.

2018இல் நடந்தது இதைவிடச் சுவையானது. பட்டியலுக்குள் பட்டியலாக இருப்பதை ஒரே தட்டாக விரிக்கும் வசதிக்கு ‘பிளட்டன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பயர்பொக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்ததும் ஓர் இணையத்தளம் உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய நிரல் தொகுப்பு அதே பெயரில் தனக்கென ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்ததுதான் காரணம். பெரும்பாலோர் மறந்துபோன ஒரு தொகுப்புக்காக உலகம் முழுவதும் பயன்படுத்தும் மொழி தன் சொல்லை மாற்றிக்கொண்டது. 2019 பதிப்பில் அதன் பெயர் ‘பிளட்’. இந்தப் பண்பு எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வேலியில் நடக்காத ஒன்றும் இங்கே நடக்கிறது: சில கிடுகுகள் வேர்விட்டுக் கதியாலாகிவிடுகின்றன. பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேடிப் பிடிக்க ஜேகுவெரி காட்டிய எளிய வழியைப் பின்னர் உலாவிகளே தமக்குள் சேர்த்துக்கொண்டன. ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றப்படும் கொஃபிஸ்கிரிப்ட் என்ற மொழியில் பலர் விரும்பிய அம்புக்குறி எழுத்துமுறை 2015 பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் வந்தது. ஆகவே உக்கிய கிடுகைப் படித்த காலம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்டுப் படித்தவருக்கு அடுத்தது பாதி தெரிந்ததாகவே வரும்.

கதியாலில் கட்டாத கிடுகு என்னவாகும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய தமிழ்ப் பக்கங்கள் அவை. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. 106 என்ற எண் உலகத்துக்கெல்லாம் ஆங்கிலச் சிறிய ஜே. பாமினி எழுத்துரு மட்டும் அந்த இடத்தில் ‘த’ என்ற வடிவத்தை வரைந்து வைத்தது. எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரிந்தது, இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் தரும் யூனிகோட்டில் ‘த’வுக்கு 2980 என்ற சொந்த எண் உண்டு, அதற்கு வேறு பொருள் இல்லை. அந்தப் பாமினிப் பக்கங்களின் குறிச்சொற்களை இன்றைய உலாவி சரியாகவே வாசிக்கிறது. பத்திகளும் அட்டவணைகளும் இருந்த இடத்தில் இருக்கின்றன, தமிழ்தான் இல்லை. நம் ஊர் அச்சகங்களில் பாமினி இன்றும் கைகொடுக்கிறது. அதன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் பழைய ஊர்ச்செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்து, எண்ணுக்கு எண் மாற்றி, தமிழை மீட்டெடுக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும்.

இன்று புதியவற்றின் பின்னால் மூச்சு வாங்க ஓடவேண்டியதில்லை. உலாவி நிறுவனங்களும் நிரலாளர்களும் சேர்ந்து வைத்திருக்கும் ‘பேஸ்லைன்’ என்ற அளவுகோல் உதவுகிறது. ஒரு வசதி முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்த நாளைக் குறித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து 30 மாதங்கள் கழிந்தால் அது பரவலாகக் கிடைப்பது என்ற பட்டியலில் சேரும். தன்னைச் சுற்றியுள்ள பெட்டியின் அகலத்தைப் பார்த்து ஓர் உறுப்பு தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2023 பெப்ரவரியில் எல்லா உலாவிகளிலும் நிறைவானது. 2025 ஓகஸ்டில் 30 மாதம் முடிந்தது. அதுவரை வகுப்பில் கதையாக மட்டும் சொல்லிவந்தேன். இப்போது அதைப் பாடமாகவே எடுக்கிறேன். செய்து பார்க்கும் முதல் பயிற்சியில், பழைய உலாவிக்கான வரியை மேலே எழுதிவிட்டுத்தான் புதியதைக் கீழே எழுதச் சொல்கிறேன்.