கட்டியும் அன்று, முடிச்சும் அன்று

தொடக்கப் பள்ளி ஆசிரியையான என் சித்தி, மருத்துவமனையில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் ‘குரல்நாண் கட்டி’ என்று படித்துவிட்டு இரண்டு இரவு உறங்கவில்லை. அவருக்கு வந்திருந்தது ‘நாட்யூல்’ எனப்படும், புற்றாக மாறாத சிறு தடிப்பு.

நோடஸ் என்றால் இலத்தீனில் முடிச்சு. நோடுலஸ் அதன் சிறு வடிவம். சொற்பிறப்பு இவ்வளவே. இதை வைத்து ‘குரல்நாண் முடிச்சு’ என்று எழுதுவோரும் உண்டு. நாண் என்று சொல்லி அதன்மேல் முடிச்சையும் போட்டால், தொண்டைக்குள் கயிறு சிக்கிக்கொண்டதாக அல்லவா படிப்பவர் எண்ணுவார்? நாண் என்பதே பழுதான உவமை. 1741இல் பிரெஞ்சு உடற்கூற்றியலார் ஃபெரைன், தந்திக் கருவியை மனத்தில் கொண்டு இட்ட பெயர் அது. உள்ளே இருப்பவையோ காற்று மோத அதிரும் இரு மடிப்புகள். 1854இல் பாட்டுப் பயிற்றுநர் மானுவேல் கார்சியா, பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, வெயிலைத் திருப்பிவிட்டுத் தம் மடிப்புகளைத் தாமே பார்த்தார். இன்றைய குரல்வளை நோக்கியின் வழியே சித்தியின் மடிப்புகளை நானும் திரையில் பார்த்தேன்: வெளுத்த ஓரங்களில், முன்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, எதிரெதிராக இரு மேடுகள். அதிரும்போது வலுவாக மோதிக்கொள்ளும் இடம் அதுதான்.

மோதியும் உரசியும் தடித்துப்போவதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போயிற்று என்கிறோமே, அந்தக் காய்ப்புதான் இது. ஆகவே ‘குரல்மடிப்புக் காய்ப்பு’ என்பேன். காய்ப்பு மரத்துக்கு உரியது என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மறுத்தார். உள்ளங்கைக் காய்ப்பைக் கண்டு மாங்காயை நினைப்பவர் எவர்? அகராதியைப் புரட்டுமுன் பொருளைப் பார்க்கும் வழக்கம் நம் மொழிபெயர்ப்பாளரிடம் அருகிவிட்டது. கட்டி என்றதும் கத்தி நினைவுக்கு வருகிறது. காய்ப்போ தான் வந்த காரணத்தையும் சொல்லி, உரசலைக் குறைத்தால் தணியும் என்பதையும் உணர்த்திவிடுகிறது.

பல கால்கள் உடையது என்னும் கிரேக்கப் பொருள் கொண்ட ‘பாலிப்’ என்னும் சதை வளர்ச்சி வேறு. அது பெரும்பாலும் ஒரு மடிப்பில் மட்டும் வரும். ஒரே ஒரு முறை உரக்கக் கத்தியதாலும் தோன்றலாம். அதற்குத் தொங்குசதை என்பது போதும். இரண்டையும் கட்டி என்றே எழுதிவைத்தால், எனக்கு ஏன் பேச்சுப் பயிற்சி, பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஏன் அறுவை என்று சித்தி கேட்கும்போது அந்தத் துண்டறிக்கையில் விடை இராது.