அம்மாவின் விரல் தவறவில்லை

காலையில் பசியாறிக்கொண்டே அம்மா கைப்பேசியில் தேடுவது மரண அறிவிப்புகளைத்தான். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து இத்தனை வருடமாகியும், தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கூட வளர்ந்தவர்கள் யாரேனும் போய்விட்டார்களா என்று பார்க்காமல் இருக்க முடியாது. போன வாரம் ஒரு பெயரைப் படித்து, ஈமச்சடங்கு எத்தனை மணிக்கு என்று பார்ப்பதற்குள் செருப்பு விளம்பரம் ஒன்று திரை முழுக்க வந்து மூடியது. மூலையில் மிளகளவு பெருக்கல் குறி. அழுத்தினார், செருப்புக்கடை திறந்துகொண்டது. மூன்று முறை அப்படியே. "வயசாயிடுச்சுப்பா, கை நிக்கமாட்டேங்குது" என்றார்.

அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை.

பக்கம் திறக்கும்போதே அதிலுள்ள நிரல், விளம்பர இடத்தை விற்கும் இணைய ஏலச்சந்தைக்குத் தகவல் அனுப்புகிறது: கோலாலம்பூரில் ஒருவர், இன்ன வகைக் கைப்பேசி. விளம்பரதாரர்களின் கணினிகள் அந்த இடத்துக்கு விலை சொல்கின்றன. பெரும்பாலும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏலம் முடிந்துவிடும். வென்ற விளம்பரம் பக்கத்துக்கு வரும்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலியான உலாவி, ஒரு பக்கத்தை அடுக்கடுக்காக வரைகிறது. எந்த அடுக்குக்குப் பெரிய எண்ணோ, அதுவே மேலே நிற்கும். சில விளம்பர நிரல்கள் 2147483647 என்றே எழுதிவிடுகின்றன. கூட்டல், கழித்தல் குறிக்கும் இடம் விட்டு, கணினியின் 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் அது. அதைவிடப் பெரிய எண்ணை வேறு எந்த அடுக்குக்கும் கொடுக்க முடியாது. கூடவே ஒரு வரி, திரையை உருட்டவிடாமல் பூட்டுகிறது. செய்தி அடியில் அப்படியேதான் இருக்கிறது.

ஏன் முழுத்திரை? விளம்பரத்தின் பாதிப் பரப்பு ஒரு வினாடி தொடர்ந்து திரையில் தெரிந்தால் 'பார்க்கப்பட்டது' என்பது விளம்பரத் துறையின் பொதுவான கணக்கு. பக்கத்தின் அடியில் கிடக்கும் விளம்பரம் வரை யாரும் போகாமலே இருக்கலாம். முழுத்திரைக்கு அந்தக் கவலை இல்லை. மூடும் குறியைத் தேடுகிற நேரத்திலேயே அந்த ஒரு வினாடி கடந்துவிடும்.

அடுத்தது விரல். கணினி எலியின் சுட்டுமுனை ஒரு புள்ளி. விரல் நுனியோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். தொடுபரப்பின் நடுவில் ஒரு புள்ளியைக் கைப்பேசி தானே கணித்துக்கொள்கிறது. அதனால்தான் உடற்குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் நெறிமுறையின் 2023 பதிப்பு (WCAG 2.2), பொத்தானுக்கு 24 பிக்சல் அகலமும் உயரமுமாவது வேண்டும் என்கிறது. குறியை அதைவிடச் சிறிதாக வைத்து, சுற்றியுள்ள இடம் முழுவதையும் கடைக்கான இணைப்பாக்கினால், தவறிப் படும் ஒவ்வொரு தொடுதலும் கடைக்குத்தான் போகும். இதை வடிவமைத்தவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை.

கூகுள் 2017 ஜனவரியில் இப்படி மறைக்கும் கைப்பேசிப் பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளத் தொடங்கியது. ஆனால் அந்த விதி, தேடலிலிருந்து நேரே வந்து இறங்கும் பக்கத்துக்குத்தான். தளத்துக்குள் அடுத்த பக்கம் போகும்போது பொருந்தாது. அம்மா மாட்டியது அங்கேதான். செய்தித்தளம் பிழைக்க விளம்பரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சாவுச் செய்தியை மூடிக்கொண்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உலாவியின் வாசிப்பு முறையை அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். தொடர்ச்சியான பத்திகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் வெறும் தாளில் எழுதியதுபோல் தருகிறது அது. எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன்.

"பக்கத்து லயத்துப் பொண்ணுதான்" என்றார். "மூணு மணிக்கு எடுக்கிறாங்களாம். கிளம்பு."