பந்தின் மேல் படுத்துப் பளு தூக்குபவர்களுக்கு

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் பெரிய காற்றுப் பந்து கிடக்கிறது. அதில் உட்காரட்டும், குப்புறப் படுக்கட்டும், வயிற்றுக்கு வேலை கொடுக்கட்டும். இயன்முறை மருத்துவனான நானே தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். அதன் மேல் மல்லாந்து படுத்து, இரண்டு கையிலும் கனமான டம்பெல்லை ஏந்துகிறார்களே, அதைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

மணிக்கட்டு வீங்கி வந்த ஒரு கல்லூரிப் பையனிடம், "பெஞ்ச் இருக்கும்போது பந்து எதுக்கு தம்பி?" என்று கேட்டேன். "பெஞ்ச்ல நெஞ்சு மட்டும்தானுங்க சார். பந்துல பண்ணா வயிறும் சேர்ந்து இறுகும்னு மாஸ்டர் சொன்னாருங்க" என்றான். பந்து வெடிக்கவில்லை. டைல்ஸ் தரையில் சிந்திய வியர்வையில் வழுக்கி உருண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மாஸ்டர் சொன்னதில் பாதி சரி. ஆடும் பரப்பில் நடு உடலுக்குக் கூடுதல் வேலை உண்டு. ஆனால் நெஞ்சுக்கு என்ன கிடைக்கிறது? 2004-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், நெஞ்சிலிருந்து தள்ளும் விசையைப் பெஞ்சிலும் பந்திலும் அளந்து பார்த்தார்கள். பந்தின் மேல் அது சுமார் 60 சதவீதம் குறைந்தது. தசைகள் சும்மா இருக்கவில்லை. மூட்டைப் பிடித்து நிறுத்துவதிலேயே உழைப்பு போய்விட்டது. பலம் ஏற்ற வேண்டும் என்று பந்தில் படுப்பவருக்கு இது நஷ்டக் கணக்கு.

'300 கிலோ தாங்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் எடையை மெதுவாக, ஆடாமல் ஏற்றிப் பார்த்த கணக்கு. நீங்கள் டம்பெல்லோடு தொப்பென்று உட்காரும்போது பந்தின் மேல் இறங்கும் விசை அதைவிட வேறு. 'வெடிக்காத பந்து' என்பதற்கும் ஓட்டை விழுந்தால் காற்று மெதுவாக இறங்கும் என்றுதான் பொருள். அதுவும் புதிதாக, கீறல் இல்லாமல் இருக்கும்வரை.

அமெரிக்காவில் ஆடிய கூடைப்பந்து வீரர் பிரான்சிஸ்கோ கார்சியாவுக்கு 2009 அக்டோபரில் நடந்தது இதுதான். கைக்கு ஏறக்குறைய 41 கிலோ வைத்துப் பந்தின் மேல் படுத்திருந்தார். பந்து வெடித்தது, முன்கை எலும்பு முறிந்தது, பல மாதம் ஆட முடியவில்லை. தொழில்முறை அணியில், பயிற்சியாளர்கள் சூழ இருந்தவருக்கே இந்தக் கதி. வெறுங்கையோடு விழுபவர் கையை ஊன்றியாவது தப்பிப்பார். டம்பெல்லைப் பிடித்தபடி விழுந்தால் ஊன்றக் கை ஏது? இரும்புக்கும் தரைக்கும் நடுவில் விரலோ மணிக்கட்டோ சிக்கும், இல்லையென்றால் முகத்தில் விழும்.

1963-ல் இத்தாலியில் அக்விலினோ கொசானி இந்தப் பந்தைத் தயாரித்தார். சுவிட்சர்லாந்தில் இயன்முறை மருத்துவர்கள் அதைக் கைக்குழந்தைகளுக்கும், அப்புறம் பெரியவர்களுக்கும் சிகிச்சையில் பயன்படுத்தினார்கள். இரும்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஜிம்மில் சித்திரை வெயிலுக்குப் பந்துக்குள் காற்று விரியும். நேரடி வெயில் பட்டால் பந்தின் பிவிசி பிளாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஏற்காட்டுக்கு வார விடுமுறைக்குப் போகிறவர்கள் ஊதிய பந்தைக் காரில் போட்டுக்கொண்டு போவதையும் பார்க்கிறேன். மேலே ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளுமே, பந்துக்கும் அதேதான். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அடிவாரத்தைத் தாண்டுமுன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: கொலுசையும் மெட்டியையும் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள். வெள்ளிக் கொலுசு ஊரில் இதைச் சொன்னால் முறைக்கிறார்கள், ஆனால் அந்தத் திருகாணி கீறினால் பந்துக்கு ஆகாது. கீறல் விழுந்த பந்துக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை, தூக்கி எறிந்துவிடுங்கள்.

புதுப் பந்தை ஒரே மூச்சில் ஊதாதீர்கள். முக்கால் பங்குக்குச் சற்று மேலே நிரப்பி, ஒரு நாள் விட்டு மீதியை நிரப்புங்கள். 65 சென்டிமீட்டர் பந்து என்றால் சுவரில் அந்த உயரத்தில் பென்சில் கோடு போட்டு அதோடு நிறுத்துங்கள். கல்லாக இறுகும்வரை ஊதுவது வெடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். உட்கார்ந்தால் முழங்கால் செங்கோணத்துக்குப் பக்கத்தில் மடங்க வேண்டும். அதுதான் உங்கள் அளவு.

சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர்கள் முதுகுவலியோடு வருவார்கள். அவர்களைத் தரையில் படுக்கவைத்து, குதிகாலைப் பந்தின் மேல் ஏற்றி, இடுப்பைத் தூக்கி இறக்கச் சொல்வேன். பந்து உருண்டாலும் குதிகால்தான் தரைக்கு வரும். தோள் பயிற்சிக்கு, சுவரோரம் பந்தில் உட்கார்ந்து ஓரிரு கிலோ தூக்கலாம். எலும்புத் தேய்மானம், தலைசுற்றல் உள்ளவர்கள் அதையும் ஆள் துணையில்லாமல் செய்ய வேண்டாம்.

அதற்கு மேல் எடை ஏற்ற நினைக்கிறீர்களா? பக்கத்திலேயே பெஞ்ச் இருக்கிறது.