கோல்களை மட்டும் எண்ணினால் போதுமா?

1950ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று, இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் நடந்த ஒரு கிளப் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், விமானப்படைக் கணக்கு அதிகாரியான சார்லஸ் ரீப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தாக்குதலிலும் எத்தனை பாஸ்கள் சேர்ந்தன என்று குறிக்கத் தொடங்கினார். அந்தப் பழக்கம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் கணக்காக வளர்ந்து, புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையாக 1968இல் வெளிவந்தது. ஏறத்தாழ 80 சதவீதக் கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் விழுந்திருந்தன. எனவே பந்தை நீளமாக முன்னே அடிப்பதே சிறந்த வழி என்று ரீப் வாதிட்டார். இங்கிலாந்தின் பயிற்சியாளர்கள் பலரும் அதை ஏற்றுக்கொண்டனர்.

அவர் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் பின்னத்தின் தொகுதியை, அதாவது மேலெண்ணான கோல்களை, பார்த்தவர் பகுதியை, அதாவது கீழெண்ணான மொத்தத் தாக்குதல்களை, பார்க்கத் தவறிவிட்டார். அவருடைய ஏடுகளின்படியே, பத்தில் ஒன்பது தாக்குதல்கள் மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகின்றன. 90 சதவீதத் தாக்குதல்கள் 80 சதவீதக் கோல்களைத்தான் தருகின்றன, எஞ்சிய 10 சதவீதமோ 20 சதவீதக் கோல்களைத் தருகிறது என்றால், நீண்ட தாக்குதல் ஒவ்வொன்றும் குறுகியதைவிட இருமடங்குக்கும் மேல் பயனுள்ளது என்றாகிறது. 1990, 1994 உலகக் கோப்பைகளை ஆராய்ந்து ஹியூஸும் ஃபிராங்க்ஸும் 2005இல் வெளியிட்ட கட்டுரையும், வெற்றிகரமான அணிகளுக்கு நீண்ட பாஸ் தொடர்களே கூடுதல் கோல் வாய்ப்பைத் தந்தன என்று காட்டியது. ஆனால் கோலை நோக்கி அடித்த பந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால், விரைவான தாக்குதல்களில் அடித்தவையே அதிக விகிதத்தில் கோலாயின.

இந்த முரண்பாட்டுக்கு விடை, பந்து கிடைக்கும் கணத்தில் எதிரணித் தற்காப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. 2018 உலகக் கோப்பையில், ஜூலை 1 அன்று மாஸ்கோவில் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தும், கோல் வாயை நெருக்கி அடைத்து நின்ற ரஷ்யாவிடம் பெனால்டி முறையில் தோற்றது. மறுநாள் ரோஸ்டோவில், ஆட்டத்தின் 94ஆம் நிமிடத்தில் ஜப்பான் அடித்த கார்னரைப் பெல்ஜியத்தின் கோல்கீப்பர் கூர்த்வா பிடித்து டி பிராய்னேவிடம் உருட்டிவிட, ஜப்பான் வீரர்கள் பலர் முன்னே சென்றிருந்ததால் மைதானம் திறந்து கிடந்தது. பந்து மூனியே வழியாகச் சாட்லியை அடைந்து கோலானது.

இன்று எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்கள்) எனப்படும் கணக்கு, கோலாகாத அடிகளையும் சேர்த்தே எடைபோடுகிறது. தொலைவு, கோணம், காலா தலையா என்பவற்றைக் கொண்டு, அதுபோன்ற அடிகளில் எத்தனை முன்பு கோலாயின என்று பார்த்து ஒவ்வோர் அடிக்கும் சுழியிலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பைத் தருகிறார்கள். பெனால்டிக்கு அது முக்காலை ஒட்டி வரும். ரீப் விட்ட பிழையை இது திருத்துகிறது. ஆயினும் ரோஸ்டோவில் பெல்ஜிய வீரர் லுகாகு செய்தது இதிலும் பதிவாகாது: ஒரு தற்காப்பு வீரரைத் தன்னோடு இழுத்துச் சென்று மூனியேவுக்கு இடம் உண்டாக்கியவரும், தன்னிடம் வந்த பந்தைத் தொடாமல் சாட்லிக்கு விட்டவரும் அவரே. அந்த ஓட்டத்தை அளக்க வேண்டுமானால், பந்தில்லாத வீரர்கள் ஒவ்வொரு நொடியும் எங்கே நின்றார்கள் என்பதையும் குறித்தாக வேண்டும்.