குடித்து ஓட்டிய கேஸ்: அபராதம் கட்டியாச்சு, லைசென்ஸ் ஏன் வரவில்லை?

எங்கள் தெருவில் கால் டாக்ஸி ஓட்டும் ஒருவர் ஒரு சனிக்கிழமை இரவு ஊதச் சொன்ன இடத்தில் மாட்டினார். கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம் கட்டினார். லைசென்ஸ் மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆனது. "மூணு மாசம் கழிச்சுப் போங்க, குடுத்துடுவாங்க" என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்தார். மூன்று மாதம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால், "டிரெயினிங் சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டார்கள். அந்த வார்த்தையை அவர் கேட்டது அன்றுதான் முதல்முறை. பயிற்சி, சான்றிதழ், மறுபடி அலைச்சல் என்று மேலும் இரண்டு மாதம் ஓடியது. கார் கடன் தவணை மட்டும் மாதாமாதம் தேதி தவறாமல் வந்து நின்றது. குடித்து ஓட்டியதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. உத்தரவில் மூன்று மாதம் என்று இருக்க, ஒருவர் ஐந்து மாதம் வண்டி இல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தம் 19-வது பிரிவில் ஒன்றைச் சேர்த்தது: சஸ்பெண்ட் ஆன லைசென்ஸ், ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால்தான் திரும்பும். காலம் முடிந்தாலே போதும் என்று சட்டம் சொல்லவில்லை.

பலரும் தடுக்கி விழும் இடம், இது ஒரே கேஸ் என்று நினைப்பதுதான். உண்மையில் இரண்டு மேசைகள். கோர்ட் அபராதத்தைப் பார்க்கும். லைசென்ஸை ஆர்.டி.ஓ. பார்ப்பார். போலீஸ் லைசென்ஸை வாங்கி அங்கே அனுப்பி வைக்கலாம், அவ்வளவுதான். சஸ்பெண்ட் செய்யும் உத்தரவு ஆர்.டி.ஓ.விடமிருந்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு, காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். கோர்ட்டும் தன் பங்குக்கு லைசென்ஸ் பற்றி உத்தரவு போட முடியும். அதனால் ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உத்தரவின் நகலை வாங்கி, அபராதம் மட்டும்தானா என்று படித்துப் பாருங்கள்.

லைசென்ஸை வாங்கும்போது போலீஸ் ஒரு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். "சீட்டு இருக்கு, பிடிச்சா காட்டலாம்" என்பது ஸ்டாண்டில் சொல்லும் தவறான யோசனை. அந்தச் சீட்டு ஓட்டும் உரிமையைத் தராது என்று 206-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. செல்லில் டிஜிலாக்கரில் லைசென்ஸ் தெரிகிறதே என்று கிளம்புவதும் அதே ஆபத்துதான். சஸ்பெண்ட் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய், இரண்டும்கூட. புரோக்கர் "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு, டூப்ளிகேட் வாங்கிடலாம்" என்பார். இப்படி சஸ்பெண்ட் ஆனவர் அந்தக் காலத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே 182-வது பிரிவில் குற்றம், கிடைத்தாலும் அது செல்லாது. புரோக்கருக்குக் கொடுத்த பணமும் போகும்.

அடுத்தது முகவரி. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போகும். பிழைக்க வந்த டிரைவர்களில் பலருக்கு அது ஊரில் உள்ள பழைய வீடு. தபால் "ஆள் இல்லை" என்று திரும்பினால், நீங்கள் ஒரு வார்த்தை பேசாமலே உத்தரவு வந்துவிடும். மாட்டிய வாரத்திலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் இப்போதைய முகவரியையும் செல் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "சீல் எல்லாம் போட மாட்டோம்" என்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். உத்தரவில் தவறு இருந்தால் அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இனி பயிற்சி. சஸ்பெண்ட் காலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உத்தரவு வந்ததுமே தொடங்குங்கள். "எந்தப் பள்ளியின் சான்றிதழை ஏற்பீர்கள்?" என்று ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள். உரிமம் பெற்ற டிரைவிங் ஸ்கூலோ அரசு அறிவித்த நிறுவனமோதான் நடத்தலாம். மூலையில் எல் போர்டு மாட்டிய எல்லா இடமும் அதில் சேராது. வாயால் சொன்ன பதிலை நம்பிப் பணம் கட்டியவர்களிடம் "இந்த சர்டிபிகேட் செல்லாது" என்று அதே மேசை சொன்னதைப் பார்த்திருக்கிறேன். பதில் தராமல் இழுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். சான்றிதழைக் கொடுத்த பிறகு அட்டை கைக்கு வந்தால் மட்டும் போதாது, லைசென்ஸ் விவரம் காட்டும் அரசின் சாரதி இணையதளத்தில் உங்கள் லைசென்ஸ் நிலை மாறிவிட்டதா என்று பாருங்கள். அங்கே சஸ்பெண்ட் என்றே நின்றால் அடுத்த சோதனையில் மறுபடி மாட்டுவீர்கள்.

இரண்டாவது தடவை என்றால் கதையே வேறு. 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும், லைசென்ஸை ரத்தே செய்யலாம். முன்பு 3 வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் இரண்டாவதாக எண்ணுவார்கள். அந்த வரம்பை 2019-இல் எடுத்துவிட்டார்கள். பழைய கேஸை மறந்துவிட வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. கட்டாயம் என்று சட்டம் வைத்த பாடம் வண்டி ஓட்டுவதைப் பற்றியது. குடியை விட முடியாமல் தவிப்பவருக்குச் சிகிச்சை எடு என்று எந்த மேசையிலும் சொல்வதில்லை. அதை வீட்டில் உள்ளவர்கள்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. குடி, போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். பல வருடமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புவரை போகக்கூடும். டாக்டரைப் பார்த்த பிறகே நிறுத்தட்டும். காலையில் ஓ.பி. சீட்டு போடப் போகும்போது கூட யாராவது ஒருவர் போங்கள்.