தூறலில் அலறும் வைப்பர்

அடைமழையில் சத்தமே இல்லாமல் ஓடும் வைப்பர், தூறல் விழும்போதுதான் கடகடவென்று துள்ளுகிறது. பழியை முதலில் பிளேடின் தலையில் போடுகிறோம். நானும் அப்படித்தான் அடுத்தடுத்து இரண்டு பிளேடுகளை மாற்றினேன். சத்தம் அடங்கவில்லை.

வைப்பரின் ரப்பர் விளிம்பு கண்ணாடியில் விறைத்து நிற்கக் கூடாது. போகும் திசைக்குப் பின்னால் சாய்ந்து, வால்போல இழுபட்டு வர வேண்டும். திரும்பும்போது மறுபக்கம் புரண்டுகொள்ள வேண்டும். நல்ல மழையில் அது நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிச் செல்கிறது. தூறலில் படலம் ஆங்காங்கே கிழிந்துவிடும். அங்கே ரப்பர் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. ஒட்டி நிற்பதைப் பெயர்த்தெடுக்கத் தேவையான விசை, நகர்வதைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையானதைவிட அதிகம் அல்லவா? விளிம்பு ஒட்டிக்கொண்டு நிற்க, வைப்பர் கை மட்டும் முன்னே போகிறது. ரப்பர் வளைந்து முறுக்கேறுகிறது. பிடி விட்டதும் துள்ளிப் போய் மறுபடி ஒட்டுகிறது. வயலின் தந்தியை வில் பாட வைப்பதும் இதே ஒட்டல், நழுவல்தான். என்ன, அங்கே காசு கொடுத்துக் கேட்கிறோம்! துள்ளல் பொதுவாக நொடிக்கு 100 அதிர்வுகளுக்குள் அடங்கும்; காதைக் குத்தும் கீச்சொலியோ 1,000 அதிர்வுகளை ஒட்டியது.

கோளாறு எங்கே என்பதைத் திசையே சொல்லிவிடும். ஒரு பக்கம் போகும்போது மட்டும் துள்ளினால், வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது வெயிலில் நெடுநாள் நின்ற காரில் ரப்பர் ஒரே பக்கம் மடிந்து இறுகியிருக்கலாம். வைப்பரைப் பாதி வழியில் நிறுத்திப் பாருங்கள். பிளேடு கண்ணாடிக்கு ஏறக்குறையச் செங்குத்தாக இல்லையென்றால், குற்றவாளி கைதான். அதை மெல்ல முறுக்கி நேராக்கலாம். பிளேடைக் கழற்றினால் கண்ணாடி மேல் தடித்த துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள்; ஸ்பிரிங் விசையில் கை அறைந்தால் கண்ணாடி விரிசல் விடும். மடிந்து இறுகிய ரப்பருக்கு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு பக்கமும் துள்ளினால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். எண்ணெய்ப் புகை, மரப்பிசின், கார் கழுவும்போது படியும் மெழுகு, இவை போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். ரப்பர் விளிம்புக்கு ஈரத்துணி போதும், கறுப்பு வருவது குறையும்வரை.

என் காரில் சிக்கல் வேறு. நீர் ஒட்டாமல் உருண்டோட வேண்டும் என்று நானே ஆசையாகப் பூசிய பூச்சு. நீர் முத்து முத்தாகத் திரண்டால் படலம் எங்கிருந்து வரும்? பூச்சைத் துடைத்தெடுத்தேன், பழைய பிளேடே சத்தமில்லாமல் ஓடியது.